பத்தாம் வகுப்பில் விலக்கு, இரண்டாம் வகுப்பில்?

ஒவ்வோர் ஆண்டும் அரையாண்டு விடுமுறை முடிந்த கையோடு, அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடிப் பக்கத்துப் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். “தமிழ்ப் பேப்பருக்கு விலக்கு கிடைக்குமாமே மேடம், அந்த சர்டிபிகேட் எங்க வாங்கணும்?” பிள்ளை பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. சலுகைக்கு விண்ணப்பிக்கும் தேதிகூடப் பல நேரம் முடிந்திருக்கும். எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் வகுப்பு வகுப்பாக ஏறிவந்த பிள்ளைக்கு வாசிக்கவே வரவில்லை என்பதை, ஒன்பதாம் வகுப்பில்தான் பள்ளி வாய்திறந்து சொல்லியிருக்கும். அதுவரை அவன் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

விலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வைக் கூடுதலாக ஒரு மணி நேரம் எழுதலாம். தான் சொல்வதை எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு கேட்கலாம். பெற்றோர்கள் பல ஆண்டுகள் அலைந்து பெற்ற உரிமைகள் இவை. தேர்வு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இவற்றை மறுப்பது கொடுமை; அந்த விண்ணப்பங்களை நானே நிரப்பிக் கொடுக்கிறேன். ஆனால் தமிழ் பேசும் வீட்டில், தமிழ் பேசும் தெருவில் வளர்ந்த ஒரு பிள்ளை, தமிழில் ஒரு பத்தியைப் படிக்கத் தெரியாமலே பள்ளியை விட்டு வெளியேற இந்த விலக்கு வழிசெய்துவிடுகிறது. பதினைந்து வயதில் அவனுக்குக் காட்டும் பரிவை, ஏழு வயதில் பாடமாகக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பாடமும் தமிழ் எழுத்துமுறையைப் புரிந்துகொண்ட பாடமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இன்று நம்மிடம் இல்லை.

டிஸ்லெக்சியா புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் சீஃபோர்ட் என்ற கடலோர ஊரின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 1896 நவம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். நல்ல கூர்மையான பையன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவன் இல்லை, கணக்கு வந்தது, எழுத்து மட்டும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் பிடிபடவில்லை. எல்லாப் பாடத்தையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னதாக மார்கன் பதிவுசெய்திருக்கிறார். 130 ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த ஆசிரியர் சொன்னதைத்தான் இன்றும் அம்பத்தூர், ஆவடிப் பள்ளிகளில் ஆசிரியர்கள் என்னிடம் சொல்கிறார்கள்: “வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னா ஒண்ணும் இல்ல.”

இது சோம்பேறித்தனம் இல்லை, கண் கோளாறு இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. பேச்சைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் ஓர் எழுத்தோடு கட்டி, அந்த முடிச்சை யோசிக்காமலே அவிழ்க்கப் பழகுவதுதான் வாசிப்பு. அந்தக் கட்டும் வேலை சில குழந்தைகளின் மூளையில் மெதுவாக நடக்கிறது. குடும்பத்தில் தந்தைக்கோ மாமாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, நூறு குழந்தைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இரண்டு பேர்.

இங்கேதான் மொழி முக்கியமாகிறது. இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு டிஸ்லெக்சியா வாசகர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2001இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மூளை இயங்கும் விதத்தில் மூவருக்கும் ஒரே குறை. ஆனால் வாசிப்பில் இத்தாலியர்கள் மற்ற இருவரைவிட நன்றாகச் செய்தார்கள். இத்தாலிய மொழியில் எழுதியிருப்பதை அப்படியே உச்சரிக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது. ஒலிக்கும் எழுத்துக்கும் நேரான உறவு உள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பெரும்பாலும் தப்பாகப் படிக்காது, மெதுவாகப் படிக்கும். தமிழும் பெரும்பாலும் அந்த வகைதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி ஒரு வரியைச் சரியாகவே முடித்துவிடும். கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்திருக்கும். தவறுகளை மட்டும் எண்ணும் தேர்வில் இந்தப் பிள்ளை தேறிவிடும். ‘படிக்கத் தெரியுது, கவனம்தான் இல்ல’ என்று ஆசிரியரும் எழுதிவிடுவார்.

தப்புகள் வருவதும் உண்டு. ஆனால் அவை ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் தப்புகள் இல்லை. ஆங்கிலத்தில் ‘பி’யையும் ‘டி’யையும் இடம் வலம் மாற்றி எழுதுவதையே எல்லோரும் டிஸ்லெக்சியாவின் அடையாளமாகச் சொல்கிறார்கள். தமிழ்ப் பிள்ளையிடம் அதைத் தேடினால் கிடைக்காது.

என்னிடம் வந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அண்ணனூர் கார்ஷெட்டில் வேலை பார்ப்பவரின் மகன். காலையில் சென்ட்ரல் போகும் எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த ஃபாஸ்ட் அண்ணனூரில் நிற்காமல் போகும் என்பதெல்லாம் மனப்பாடம். ‘கொக்கு’ என்று எழுதி வைத்தேன். விரலை வைத்துக்கொண்டு, “கெ... ர... க்... கு” என்றான். திரும்பவும் படிக்கச் சொன்னேன். “கெரக்கு” என்று நிறுத்திவிட்டு, “மிஸ், இது ரா இல்லையா?” என்று துணைக்காலைத் தொட்டுக் காட்டினான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அச்சில் ‘ர’வுக்குக் கீழே ஒரு சின்னச் சாய்கோடு இருக்கும், துணைக்காலுக்கு இருக்காது. கரும்பலகையில் எழுதும்போது பல ஆசிரியர்கள் அந்தச் சாய்கோட்டைப் போடுவதில்லை. இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதோடு ‘கொ’ என்ற ஒரே ஒலிக்காக முன்னால் ஒரு கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் ஒரு கால். வாயில் ‘க்’ முதலில் வருகிறது. தாளில் கொம்பு முதலில் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் அப்படிப் படிக்காதே என்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுக்காமலே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது உகர, ஊகார வரிசை. துணைக்காலும் கொம்பும் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் ஒரே உருவம். ‘கு, சு, டு, து, மு’ அப்படியா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வால், ஒரு சுழி, ஒரு வளைவு. பதினெட்டு மெய்க்கும் குறில் நெடில் என்று 36 உருவங்களைக் கிட்டத்தட்டத் தனித்தனியாகவே நினைவில் வைக்க வேண்டும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ‘ணா, றா, னா, லை, ளை’ உள்ளிட்ட 13 எழுத்துகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. உகர வரிசையையும் மாற்ற வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி பல ஆண்டுகள் வாதாடினார், அது நடக்கவில்லை. எழுத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. பழகிய உருவங்களை மாற்றுவதற்கு ஒரு சமூகம் எத்தனை தயங்கும் என்பது எனக்குத் தெரியும். கற்பிக்கும் வரிசையையும் வேகத்தையும் மாற்ற முடியும்; அதற்கு அரசாணைகூட வேண்டாம். சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையை மேலிருந்து கீழே ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதில், ‘ட, ப, ம’ போன்ற எளிய உருவங்களில் தொடங்கி, ‘படம், பட்டம், பாடம்’ என்று உடனே சொல்லாக்கி, உகர வரிசையை வாரத்துக்கு மூன்று எழுத்துக்கு மேல் போகாமல் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். குறில் நெடில் மாறிப்போவது; புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு ‘பட்டம்’ என்பதை ‘படம்’ என்று படிப்பது; கொம்பும் காலும் இடம் மாறுவது; நேற்று படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பது; எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மாதம் சொல்லிக்கொடுத்த பிறகும் எழுத்துக்கூட்டுவது விலகாமல் இருப்பது. எதைக் கவனிக்க வேண்டாம் என்பதும் இதே அளவு முக்கியம். ல, ள, ழ மாறி எழுதுவது டிஸ்லெக்சியாவின் அடையாளம் ஆகாது. பழத்தைப் ‘பயம்’ என்றும் ‘பளம்’ என்றும் சொல்லும் ஊரில், காதுக்குக் கேட்காத வேற்றுமையைப் பிள்ளையின் கை எப்படி எழுதும்? ‘வந்தது’ என்று அச்சிட்டிருப்பதை ‘வந்துச்சு’ என்று படிக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை எழுத்தைப் படித்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறது. வாசிப்பில் அதைவிட வேறென்ன வேண்டும்?

கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும், ஆன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் 1920, 30களில் வகுத்த முறைதான் உலகெங்கும் இந்தப் பிள்ளைகளுக்கான பாடங்களுக்கு அடித்தளம். எழுத்தைப் பார்ப்பது, ஒலியைக் கேட்பது, வாயால் சொல்வது, கையால் எழுதுவது ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய வைப்பார்கள். சென்னையில் பயிற்சி எடுக்கும் ஆசிரியைகள் இதை வெளிநாட்டு முறையாகவே படித்து வருகிறார்கள். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்களே, அது வேறென்ன? எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அநாதைகள் விடுதியின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் இந்த மணல் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் விடுதியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளைகளாக வைத்துச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நாம்தான் விஜயதசமி அன்று ஒரு நாள் அரிசியில் எழுத வைத்துவிட்டு, மறுநாளே நான்குகோடு நோட்டைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

மணலில் மந்திரம் எதுவும் இல்லை. ஒலியோடு எழுத்தைக் கட்டுவது, படிப்படியான வரிசை, அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது ஆகியவைதான் பலன் தருகின்றன. ‘கொக்கு’ படிக்கத் திணறிய அந்தப் பையனோடு நான் செய்ததும் இதுதான். ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே சிவப்பு நிறத்தில் எழுதிக் காட்டி, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஒலி என்று கோலமாவில் எழுதி எழுதிப் பழக்கினோம். நாளுக்கு இருபது நிமிடம், அதற்குமேல் இல்லை. ‘கொ’விலிருந்து ‘பொ’, ‘மொ’வுக்குப் போக வாரங்கள் ஆயின. இரவு ஷிப்டு முடிந்து வரும் அப்பா காலையில் பத்து நிமிடம் கூட உட்கார்ந்தார். தானும் சின்ன வயதில் இப்படித்தான் என்று அவராகவே ஒருநாள் சொன்னார்.

இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டிலும், ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும், ரயில்வேயிலும் உழைக்கும் குடும்பங்கள் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கின்றன. பிள்ளை திணறினால், ‘வீட்டில் தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ்லயே பேசுங்க, ரெண்டு மொழி குழப்புது’ என்று அறிவுரை வருகிறது. இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் தாறுமாறான உறவுள்ள ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளை இன்னும் அதிகமாகத்தான் திணறும். தனக்குப் பேசத் தெரிந்த மொழியில், நேரான எழுத்துமுறையில் ஒருமுறை வாசிப்பு பிடிபட்டுவிட்டால், அந்தத் தெம்பு அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். தமிழைக் கைவிடச் சொல்வது, பிள்ளையிடம் இருக்கும் ஒரே ஊன்றுகோலைப் பிடுங்குவது. அதேபோல் ஞாபகசக்தி டானிக், வல்லாரை லேகியம், கலர் கண்ணாடி, ‘மூளைப் பயிற்சி’ வகுப்பு எதுவும் வாசிப்பைக் கற்றுத் தராது. அந்தப் பணத்தில் கதைப் புத்தகம் வாங்குங்கள்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளியே முதற்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்றது. குழந்தைநல மருத்துவர் கண்ணும் காதும் சரியா என்று பார்க்க வேண்டும். உளவியலாளர் அறிவுத்திறனை அளந்து, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பால் குறைபாட்டை உறுதிசெய்ய வேண்டும். எட்டு வயதில் ஒரு சான்று, 14இல் மறுபடி, 18இல் நிரந்தரமாக. ஏட்டில் எல்லாம் சரி. அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு பக்கம் திருவள்ளூர், மறுபக்கம் சென்னை. எந்தப் பக்கம் போனாலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒருநாள் சம்பளம் போகும். ஒரே நாளில் முடிவதும் இல்லை.

சோதனைத் தாள் எந்த மொழியில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று ‘டாலி’ என்ற சோதனையை 2015இல் வெளியிட்டபோது அது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கில் இருந்தது. தமிழ் இல்லை. 247 எழுத்தின் அமைப்பையும், தமிழ்ப் பிள்ளை வகுப்புக்கு வகுப்பு வாசிக்கும் வேகத்தையும் கணக்கில் எடுத்து, சென்னைப் பிள்ளைக்கும் தென்காசிப் பிள்ளைக்கும் பொருந்தும் ஒரு தமிழ்ச் சோதனை, ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். செம்மொழி என்று பெருமைப்படும் மாநிலம் இதற்குச் செலவு செய்யாமல் வேறு எதற்குச் செய்யப்போகிறது?

சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்தத் துறையில் செய்திருப்பது சாதாரணம் இல்லை. தியாகராய நகரில் உள்ள அதன் முழுநேர மையத்தில் பிள்ளைகள் ஓரிரு ஆண்டு படித்துவிட்டுத் திரும்பவும் பொதுப் பள்ளிக்கே போகிறார்கள். நூற்றுக்கணக்கான ஆசிரியர்களும் அங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஒரு தொண்டு நிறுவனத்தின் தோளில் ஒரு மாநிலத்தை ஏற்றக் கூடாது. தியாகராய நகருக்குத் தினமும் பிள்ளையைக் கூட்டிப்போக முடிகிற தாய்மார்கள் எங்கள் பக்கத்தில் குறைவு.

எல்லாப் பிள்ளைகளையும் எட்டும் ஏற்பாடு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளின் நிலையை அறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆசிரியர்கள் மனம்வைத்துச் செய்கிற வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பருவம் முழுக்க அரும்பிலேயே நின்றுவிடும் பிள்ளைக்கு அடுத்து என்ன? அதே பயிற்சித் தாள் மறுபடியும். அந்த இடத்தில்தான் சிறப்புப் பயிற்றுநர் உள்ளே வர வேண்டும். வட்டார வள மையத்தின் பயிற்றுநர் ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றிவருகிறார். உடல் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் என்று எல்லாப் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத வாசிப்புக் குறைபாட்டுக்கு அவருடைய வாரத்தில் இடமே இல்லை. தொடக்கப் பள்ளியில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே வகுத்துவிட்டது. பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதியைத் தில்லி நிறுத்திவைத்ததும், தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனதும் வேறு கதை. அந்த வழக்கின் நடுவில் ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்க்கும் இந்தப் பயிற்றுநர்களை நிற்க வைக்கக் கூடாது. இவர்கள் நிரந்தரப் பணியாளர்கள் ஆகாதவரை, பயிற்சி கொடுக்கக் கொடுக்க அவர்கள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஏழு வயதிலேயே ‘டிஸ்லெக்சியா’ என்று முத்திரை குத்தலாமா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. அதனால்தான் முதலில் பாடம் கொடுங்கள், பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். இரண்டாம் வகுப்பில் மெதுவாகப் படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா இல்லை. பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளை, வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை என்று பலரும் அதில் இருப்பார்கள். எழுத்தையும் ஒலியையும் கட்டும் இருபது நிமிடப் பாடம் அவர்கள் எல்லோருக்கும் நல்லதுதான் செய்யும். அப்படிப் பாடம் கொடுத்தும் நகராமல் நிற்கும் பிள்ளைதான் மருத்துவமனைக்குப் போக வேண்டியது. சான்றிதழ் வரும்வரை பாடத்தை நிறுத்திவைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும். ஆவடி மாநகராட்சிப் பகுதியில் இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து, இதற்கு முன் பார்த்திராத ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லிக் கேட்டது யார், எந்தத் தேதியில் கேட்டார், எத்தனை சொல் படித்தது என்று பதிவேட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். காலாண்டிலும் பொங்கல் விடுமுறைக்கு முன்னாலும் மறுபடி கேட்கச் சொல்ல வேண்டும். நகராத பிள்ளையின் பெயருக்கு எதிரே, சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருகிறார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால், அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். குழுவுக்கு அந்த உரிமை இருக்கிறது.

- கட்டுரையாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், அண்ணனூர்.